உப்புச் சாக்கு போர்த்திய அம்பாசிடர்

மார்கழி பிறந்தால் எங்கள் பழைய அம்பாசிடருக்கு ஒரு கம்பளி உண்டு; எனக்குக் கிடையாது. காப்பிப்பொடி நிறம், ஓரமெல்லாம் கிரீஸ் கறை. சாயங்காலம் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து போர்த்திவிடுவேன். விடியற்காலையில் எடுத்து மடித்து டிக்கியில் வைப்பேன். மரக்காணத்துப் பனி கார் மேல் மட்டும் விழுந்துவிட்டுப் போகாது, உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

கம்பளி என் முதலாளியுடையது. அவருக்கு உப்பளம் இருந்தது. நான் அதில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பை மூன்று முறை படித்தவன் என்பதால் அந்த வகுப்பில் மட்டும் எனக்கு நல்ல புலமை. ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "நீ பேசுற பேச்சுல பத்து பேரு வேலை நிக்குது. வண்டிய ஓட்டு, நான் ஒருத்தன் கேட்டாப் போதும்" என்று கார் சாவியைக் கையில் கொடுத்தார். பதவி உயர்வா தண்டனையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பிறகு அவருக்குக் கிட்னி கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு நாள் பாண்டியில் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். தவறினால் அந்த மெஷினில் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். புதுக்கார் வாங்கச் சொன்னவர்களிடம், "இதுல கால நீட்டலாம்" என்பார். வீங்கிய கால்கள்.

குளிரில் அந்தக் கார் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி, கெஞ்சினால்தான் எழுந்திருக்கும். சோக்கை இழுக்கணும், ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதிக்கணும், செல்ஃபை விட்டு விட்டு அடிக்கணும். அந்த வருஷம் பனி அதிகம். இன்ஜினுக்குக் குளிருமே என்று பாசம் பொங்கி, யாரிடமும் கேட்காமல், உப்பளக் கொட்டகையில் கிடந்த நான்கு சாக்குகளை எடுத்துப் போர்த்தினேன். காரை நிறுத்துவதும் அந்தக் கொட்டகையில்தான். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

காலையில் செல்ஃப் முனகியது. கார் எழவில்லை. பேட்டரியைத் திட்டினேன், பனியைத் திட்டினேன். உப்புப் பாத்தி மிதிக்கப் போன ஆட்கள் இரண்டு தடவை தள்ளினார்கள். "ஏம்பா, இதுக்கு உன்னையே பூட்டி இழுக்கலாம்போல" என்றார் ஒருவர். வழக்கம்போல் வீட்டிலிருந்து கொட்டகைக்கு நடந்து வந்த முதலாளி போர்த்திய கம்பளியோடு பானெட்டுக்குள் குனிந்தார். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேல் விரலை வைத்துத் தேய்த்து, நாக்கில் வைத்தார்.

"உப்பு கரிக்குது. என்ன சாக்குடா போட்ட?"

"நம்ம உப்பு மூட்டை சாக்குதாங்க மொதலாளி."

"உப்பு ஈரத்த இழுக்கும்னு தெரியாதா? எத்தினி வருஷம் உப்பு வாருன?"

பன்னிரண்டு வருஷம்.

மூடியைக் கழற்றி, தன் துண்டாலேயே உள்ளும் புறமும் துடைத்துப் போட்டார். மூன்றாவது அடியில் கார் எழுந்தது. பாண்டி போய்ச் சேரும்போது ஏழரை. மெஷினில் வேறு ஒருவர் படுத்திருந்தார். மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார் முதலாளி. அதற்கு மேல்தான் மெஷின் கிடைத்தது. வாய் ஓயாத நான் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏம்பா, ரேடியோ ரிப்பேரா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் அம்மா, அதாவது அவர் மனைவி, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"போற வழியில பாத்தியப் பாக்க எறங்கினேன். நேரமாயிடுச்சு" என்றார் முதலாளி.

"உசுர விட உப்பு பெருசாப் போச்சா ஒங்களுக்கு?" என்று அம்மா ஆரம்பித்த திட்டு சாப்பாடு முடியும்வரை ஓயவில்லை. அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் வாசலில் நின்று செருப்பைப் பார்த்தேன். நான் கிளம்பும்போது தன் கம்பளியை என் தோளில் போட்டார். "எனக்குக் குளிரல. வண்டிக்குப் போடு." அவருக்குக் குளிரும் என்பது பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் எனக்குத் தெரிந்த விஷயம்.

அவர் போய்ச் சில வருஷமாகிறது. அம்மா வருகிறவர்களிடமெல்லாம், "உப்பு பைத்தியம் அவரு. பாத்தியப் பாக்க எறங்கி மெஷினையே விட்டாரு" என்று சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் செருப்பைப் பார்ப்பேன். போன மார்கழியில் கண் டாக்டரிடம் போக அம்மா காரில் ஏறியபோது, தாங்க முடியாமல் சாக்குக் கதையைச் சொல்லிவிட்டேன்.

அம்மா பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தார். "அப்போ அன்னிக்கு அவரு வாங்குன திட்டெல்லாம் ஒனக்கு வர வேண்டியதா?"

"ஆமாங்கம்மா."

"சரி, வண்டிய எடு. பாண்டி வரைக்கும் வாங்கிக்க."

முழுதாக வாங்கினேன். இரண்டாம் கியரில் ஆரம்பித்தது, ஆஸ்பத்திரி வாசலில் பிரேக் போட்ட பிறகும் கொஞ்சம் பாக்கி இருந்தது. இறங்கும்போது, "அந்தக் கம்பளிய மட்டும் தோய்ச்சிடாத" என்றார்.

தோய்க்கவில்லை. இன்றைக்கும் விடியலில் அதை எடுத்து மடித்துவிட்டு, அந்த மூடி மேல் விரலை வைத்துத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். உப்பு இல்லை. சோக்கை இழுத்து, சாவியைத் திருப்புகிறேன்.