நான் அடைத்த கூடு

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது ஒரே ஒரு சொல் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. ‘இல்ல.’ தண்ணீர் வேண்டுமென்றாலும் இல்ல, போதுமென்றாலும் இல்ல. மகள் போனில் கூப்பிட்டால் ஆசையாக ஒரு இல்ல. முதுகைத் துடைக்கும்போது என் கை அழுத்திவிட்டால் கோபமாக ஒரு இல்ல. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்து அனுப்பியபோது டாக்டரம்மா சொன்னார்: “அவங்களுக்கு எல்லாம் புரியுது. மனசுல இருக்கறதுதான் வாய்க்கு வரல. குரலையும் கண்ணையும் பாத்து நீங்கதான் புரிஞ்சிக்கணும்.” நான் தலையாட்டினேன். முப்பத்து நான்கு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பாடா என்று நினைத்துக்கொண்டேன்.

லாஸ்பேட்டையில் எங்கள் வீடு சின்னது. மில்லில் தறிப் பகுதியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்து, மில் மூடியதும் ஒரு கல்லூரியில் அட்டெண்டராகச் சேர்ந்து, அங்கேயே ரிட்டையர் ஆனவன் நான். தறிச் சத்தம் என் காதில் பாதியைத் தின்றுவிட்டது. ஆள் பேசுவது கேட்கும். கீச்சென்ற சத்தம், மெல்லிசான சத்தம் எதுவும் கேட்காது. செல்போன் அடித்தால்கூட அவள்தான் முன்பெல்லாம் எடுத்து வந்து கையில் கொடுப்பாள்.

அவளைக் கிழக்குப் பக்க அறையில் படுக்க வைத்தோம். கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஜன்னல். அதற்கு மேலே காற்றுக்காக விட்ட வென்டிலேட்டர். அதன் வெளிப்பக்கம் ஓட்டை ஓட்டையான சிமென்ட் ஜாலி, உள்பக்கம் மங்கல் கண்ணாடி, நடுவில் ஒரு சாண் இடைவெளி. வெளியே ஒரு குறுகலான சந்து, அதைத் தாண்டினால் மதாம் வீடு. பிரெஞ்சுக்காரர் வீட்டு அம்மா என்பதால் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். மதாமுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவளுடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர், போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் பாரிஸில். அவள் வீட்டு வாதாங்கொட்டை மரம் எங்கள் மொட்டைமாடி வரை கிளை நீட்டியிருக்கும். காலையில் மாடிச் சுவரில் ரொட்டித் துண்டுகளைப் பிய்த்துப் போடுவாள். தெருவில் உள்ள அணில் எல்லாம் அங்கேதான்.

அங்கே தின்றுவிட்டு எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வரும். கட்டில் சட்டத்தில் ஓடும், வாலைத் தூக்கிக்கொண்டு நின்று பார்க்கும், மேசையில் இருக்கும் பிஸ்கட்டை இழுக்கும். அதைப் பார்த்து என் மனைவி சிரிப்பாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகிற சிரிப்பு. தொண்டையில் இருந்து ஒரு சத்தமும் வரும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பீ மூத்திரம் அள்ளியது நான். கஞ்சியை வடிகட்டி ஸ்பூனால் ஊட்டியது நான். மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்தது நான். என் முகத்தைப் பார்த்து அவள் ஒரு தடவைகூட அப்படிச் சிரிக்கவில்லை. இத்தனூண்டு ஜந்து ஓடி வந்தால் சிரிக்கிறாள்.

காலையில் வந்து உடம்பு துடைத்துவிட்டுப் போகும் நர்ஸம்மா சொல்லுவாள்: “எங்க வீட்லயும் இதே ரோதனதான் சார். ஸ்கூட்டி சீட்டக் குதறிப் பஞ்ச எடுத்துட்டுப் போயிடுச்சு. துடைப்பத்தத் தூக்கிட்டு ஓடுவேன். திரும்பி ஒரு பார்வ பாக்கும் பாருங்க, அடிக்க மனசே வராது.” எனக்கு மனசு வந்தது. ஆனால் அணில்தான் அகப்படவில்லை.

படுக்கைப் புண் வராமல் இருக்க மோட்டார் வைத்த காற்று மெத்தை வாங்கிப் போட்டிருந்தோம். அதன் ரப்பர் குழாய் ஜன்னலை ஒட்டிப் போகும். ஒருநாள் அணில் அதைக் கடித்துவிட்டது. காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. மோட்டார் சத்தம் மாறியிருக்கும், அது என் காதுக்கு எட்டவில்லை. அவள் இரண்டு நாள் பலகையில் கிடப்பது போலக் கிடந்திருக்கிறாள். இல்ல, இல்ல என்று அவள் முனகியதை வழக்கமான முனகல் என்று விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாளும் லீவில் இருந்த நர்ஸம்மா வந்து புரட்டிப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே தோல் கன்றிப் போயிருந்தது. நான்கு நாளில் புண்ணாகி வாய் திறந்தது.

அன்றைக்கே மாடிக்குப் போய் மதாமைக் கூப்பிட்டேன். “இனிமே அணிலுக்குத் தீனி போடாதீங்க. அதுங்க வந்து என் பொண்டாட்டி உடம்பப் புண்ணாக்கிடுச்சு.”

அவள் விஷயத்தைக் கேட்டுப் பதறித்தான் போனாள். “ஐயோ பாவமே” என்றாள். பிறகு, “நான் போடலன்னாலும் அதுங்க வரும் தம்பி. ஜன்னலுக்கு வலை அடிச்சிடுங்களேன். ஆள் வேணும்னா நான் அனுப்பறேன்” என்றாள்.

நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு அப்போது நியாயம் தேவைப்படவில்லை. “பெத்த பிள்ளைங்க எட்டிப் பாக்கறதில்ல, அணிலக் கொஞ்சிட்டு உக்காந்திருக்கீங்க. உங்க பொழுது போறதுக்கு நாங்கதான் கெடச்சோமா?” என்றேன்.

அவள் கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்து, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதன்பிறகு என்னை எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வலை அடித்தேன். அணில் உள்ளே வருவது நின்றது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் வென்டிலேட்டர் ஜாலியில் தேங்காய் நாரும் பஞ்சும் பிதுங்கிக்கொண்டிருந்தன. இதையும் விட்டால் மின்சார ஒயரைக் கடிக்கும் என்று நினைத்தேன். ஒரு வியாழக்கிழமை காலை கம்பி வலையை அளவாக வெட்டி, ஒரு சட்டியில் சிமென்ட் குழைத்து, சந்தில் ஏணியைப் போட்டு ஏறினேன்.

ஜாலி ஓட்டை வழியாகப் பார்த்தேன். உள்ளே பந்து மாதிரி நார். விரலை விட்டு நெம்பியிருந்தால் தெரிந்திருக்கும். விரலை விடவில்லை. பஞ்சு லேசாக அசைந்த மாதிரி இருந்தது. காற்று என்று நினைத்தேன். காற்று என்று நினைத்தேனா, காற்றாக இருந்தால் என் வேலை சுலபம் என்று நினைத்தேனா என்பதை இத்தனை நாளில் பல தடவை யோசித்திருக்கிறேன். பதில் எனக்குத் தெரியும். வலையை வைத்து நான்கு பக்கமும் சிமென்டைப் பூசி, கையைக் கழுவிக்கொண்டு டீ போட்டுக் குடித்தேன்.

அன்று மத்தியானமே அவள் ஆரம்பித்துவிட்டாள். “இல்ல. இல்ல. இல்ல.” இடது கை ஒன்றுதான் அவளுக்கு வேலை செய்யும். அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். என் முதுகு ஜன்னல் சுவர்ப் பக்கம் இருந்தது.

“இன்னா வேணும்? தண்ணியா?”

“இல்ல.”

“ஃபேன கொறைக்கவா?”

“இல்ல!”

தண்ணீர் கொடுத்தேன், துப்பினாள். துணி மாற்றிப் பார்த்தேன். புண்ணைப் பார்த்து மருந்து போட்டேன். மறுநாளும் அதேதான். கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. காலை வெயில் கண்ணாடியில் விழும்போது அவளுக்குப் படுத்த இடத்தில் இருந்தே உள்ளே நிழல் தெரிந்திருக்கும். எனக்குக் கேட்காதது அவளுக்குக் கேட்டிருக்கும். நான் அந்த இரண்டு நாளும் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் வந்தாள். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அம்மா எதையோ காட்றாங்கப்பா. மேல எதுனா இருக்கா பாரு” என்றாள்.

“ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளா இப்பிடித்தான் படுத்துறா. நீ வை, அவளுக்குக் கஞ்சி குடுக்கணும்” என்று போனை அணைத்தேன்.

சனிக்கிழமை பொறுமை போய்விட்டது. நீட்டிய கையைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். “கொஞ்ச நேரம் மனுசன நிம்மதியா இருக்க வுடமாட்டியா? இன்னாதான் வேணும் உனக்கு? செத்தாத்தான் வுடுவியா?” என்று கத்தினேன். செத்தால் என்று யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கையை இழுத்துக்கொண்டாள். அதற்குப்பிறகு சத்தம் போடவில்லை. அடங்கிவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட் தட்டும் சத்தம். மதாம் நின்றாள். மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வந்திருக்கிறாள், தலையில் முக்காடு அப்படியே இருந்தது.

“தம்பி, குட்டி இருக்கறது தெரிஞ்சிதான் அடைச்சீங்களா?” என்றாள்.

“இன்னா குட்டி?”

“மூணு நாளா தாய் அணில் அந்தக் கம்பியப் புடிச்சிட்டுத் தொங்குது. கத்துன கத்துல எனக்குச் சாப்பாடு எறங்கல. உள்ள குட்டிங்க கத்துறது எங்க மாடி வரைக்கும் கேட்டுது. உங்களுக்குக் கேக்கல?”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றேன்.

“சொல்லியிருப்பேன். நீங்க பேசின பேச்சுக்கு உங்க வாசல மிதிக்கக் கூடாதுன்னு இருந்தேன். இன்னிக்குப் பூசையில உக்கார முடியல” என்றாள். அழுதாள்.

ஏணியைப் போட்டு ஏறி, உளியால் சிமென்டைத் தட்டி வலையைப் பிய்த்தேன். விரலை விட்டு நாரை இழுத்தேன். நான்கு குட்டிகள். கண் திறக்காதவை. முதுகில் கோடு அப்போதுதான் மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. மூன்று விறைத்திருந்தன. ஒன்றில் மட்டும் சூடு இருந்தது. கீழே நின்ற மதாமின் முக்காட்டுத் துணியில் அதைப் போட்டேன். அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பஞ்சில் பால் நனைத்துப் புகட்டிப் பார்த்தாள். ஒருநாள் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் நினைத்தேன். அவளும் அதையேதான் நினைத்திருப்பாள். மத்தியானத்துக்குள் அதுவும் போய்விட்டது. நான்கையும் மரத்தடியில் புதைத்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

உள்ளே வந்தேன். உளிச் சத்தம் எல்லாம் கேட்டு அவள் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள்.

“எலி ஒண்ணு உள்ள செத்துக் கெடந்துது. எடுத்துப் போட்டுட்டேன்” என்றேன்.

என்னையே பார்த்தாள். “இல்ல” என்றாள். சத்தம் போடாமல், நிதானமாக. நோய் வந்தபின் அந்தச் சொல் சரியான இடத்தில் வந்து விழுந்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள். நான் கஞ்சி கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்வாள். நர்ஸம்மா வந்து ஊட்டினால் குடிப்பாள். அவளை இரண்டு வேளையும் வரச் சொன்னேன். சாயங்காலம் மதாம் வருவாள், பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பாள், அதையும் தின்பாள். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்தால் முகம் அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கம் போனால் கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாள் யாரும் இல்லாதபோது கட்டிலருகே உட்கார்ந்து, “தெரியாம பண்ணிட்டேன்” என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை. அவள் கண்ணைத் திறக்கவில்லை. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

அணில்கள் இப்போதும் வருகின்றன. மதாம் ரொட்டி போடுவதை நிறுத்தவில்லை, நானும் கேட்பதில்லை. வென்டிலேட்டரைத் திறந்தே விட்டிருக்கிறேன், ஆனால் அங்கே எதுவும் கூடு கட்டவில்லை. இத்தனைக்குப் பிறகு எனக்கு அணில்மீது பாசம் வந்துவிட்டதாக நர்ஸம்மா நினைக்கிறாள். வரவில்லை. மதில்மேல் ஒன்று உட்கார்ந்து என்னைப் பார்த்தால் கல்லை எடுக்கத்தான் இன்னமும் கை போகிறது. எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கருமாதி அன்று வீடு நிறைய ஜனம். மகள் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். “கடைசியில அம்மா ஏன்ப்பா உன் பக்கம் திரும்பவே இல்ல? நான் வந்தப்ப எல்லாம் பாத்தேன்.”

“அந்த நோவு அப்பிடிம்மா. ஒரு பக்கம் பார்வை போயிடும்னு டாக்டர் சொன்னாங்க” என்றேன்.

அவள் நம்பினாள். என் தோளைத் தொட்டு, “நீ இல்லன்னா அம்மா இத்தன நாள் இருந்திருக்க மாட்டாங்கப்பா” என்றாள். பிறகு கூடத்துக்குப் போய் என் தங்கைகளிடமும் அதையே சொன்னாள். பெண்டாட்டியை இப்படி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். மதாம் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்தவர்களைக் கும்பிட்டு, இலை போட்டாயிற்று, சாப்பிட வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.