பச்சைக் கதவருகே ரொசா

இத்தாலியில், த்ரானித் துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள கல் ஒழுங்கையில் சூட்கேசுகளை இழுத்துக்கொண்டு வருகிறோம். எங்களுக்கு அறை வாடகைக்குத் தரும் ரொசா, இன்று காலையில்தான் போனில் எழுதியிருந்தார்: "வாருங்கள், யன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்."

அவர் சொன்ன பச்சைக் கதவு இதுதான். பக்கத்துச் சுவரில் கறுப்புக் கரை போட்ட தாள் ஒன்று. அதில் ரொசா சிரிக்கிறார். அவருடைய செய்திகளோடு ரொரன்ரோவிலிருந்தே நான் பார்த்துவரும் அதே படம், அதே சிவப்பு மூக்குக்கண்ணாடி. அங்கே வெக்ஸ்போர்ட் தமிழ்க்கடை வாசலில் ஒட்டிய மரண அறிவித்தல்களில் இப்படி எத்தனை முகங்களைக் கண்டிருப்பேன்! இத்தாலிய மொழியில் ஒரு சொல் தெரியாமலே விளங்கிவிடுகிறது.

"இஞ்சேருங்கோ, இவ செத்துப்போனாவப்பா!"

"உமக்கென்ன விசரே? காலமைதானே மெசேஜ் போட்டவ." என் கணவர் கிட்டப்போய்ப் பார்க்கிறார்.

கதவு திறக்கிறது. சவரம் செய்யாத முகத்தோடு ஒரு கிழவர். நாங்கள் பார்க்கும் தாளைத் தானும் பார்க்கிறார்.

"என் மனைவி. போன மாதம்," என்கிறார், தெரிந்த ஆங்கிலத்தில். "இன்று பின்னேரம் தேவாலயத்தில் அவளுக்கு முப்பதாம் நாள் பூசை."

அப்படியென்றால் எங்களுக்கு எழுதியது யார்? அவரோ சூட்கேசைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிறார். அறை யன்னல் திறந்திருக்கிறது. கடல் தெரிகிறது. அவர் தலையசைத்துவிட்டு இறங்கிப் போகிறார்.

என் போனில் ஒரு செய்தி வந்து விழுகிறது. சிவப்புக் கண்ணாடியோடு ரொசா கேட்கிறார்: "அறை பிடித்திருக்கிறதா?"

யன்னலால் எட்டிப் பார்க்கிறேன். சுவரில் ஒட்டிய தாளின் அருகில், போனை இரண்டு கையாலும் பிடித்தபடி கிழவர் நிற்கிறார்.

"நல்லாயிருக்கிறது, ரொசா," என்று எழுதி அனுப்புகிறேன்.