கப்பலில் வந்த சாம்பல்

“புத்தகத்துல முளைக்கிற கீரைய எந்தச் சட்டியிலடி வதக்குவே?” என்று என் தாய்மாமா கேட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நேற்றுப் பழைய பூகோளப் புத்தகத்தைத் தேடிப் பிரித்தேன். மடிப்பிலிருந்து சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் மடியில் உதிர்ந்தது. விரலில் தேய்த்தால் இன்னமும் அறுக்கிறது.

இரங்கூனில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்கே தெரியும். பசுண்டாங் ஓடைக்கரை ஆலைகளில் உமி எரிந்தால் எங்கள் கொடித்துணியெல்லாம் கறுப்புப் புள்ளி. அந்தச் சாம்பலில்தான் பல் விளக்கினோம், பாத்திரம் தேய்த்தோம், கீரையில் பூச்சி கண்டால் தூவினோம். ஆகவே துறைமுகக் கூலியான அப்பா ஒரு நாள் கோணி நிறையச் சாம்பலோடு வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஜாவாவிலிருந்து வந்த சர்க்கரைக் கப்பலாம். அங்கே ஏதோ மலை வெடித்து, மேல்தட்டெல்லாம் சாம்பலாம். பெருக்கி ஆற்றில் கொட்டச் சொன்னதை அவர் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்.

அம்மா அதைப் போட்டுப் பித்தளைக் குடத்தைத் தேய்த்தாள். குடம் முழுக்கக் கீறல். “இதா சாம்பலு? கண்ணாடித் தூளுய்யா!”

எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கற்றவள் நான். அந்த மிதப்பைக் கேட்கவா வேண்டும்? எரிமலைச் சாம்பல் நிலத்தை வளமாக்கும் என்று பூகோளத்தை உரக்க வாசித்துக் காட்டிவிட்டு, கோணியை அப்படியே அம்மாவின் புளிச்சக்கீரைப் பாத்தியில் கவிழ்த்தேன். பத்து நாள் மழை பெய்தது. சாம்பல் தளம் போட்டதுபோல இறுகிற்று. தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றது, கீரை அழுகியது. கோழிகள்கூட அங்கே கிளறுவதை விட்டுவிட்டன.

அப்போதுதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை. “மச்சான், இவள ஆலையில அரிசி புடைக்க அனுப்புங்க.”

அப்பா பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. “தீவாளிக்குள்ள இதுல கீரை வரட்டும். வரலேன்னா ஆலைதான்.”

எங்கள் பள்ளியில் நாளுக்கு ஒரு பக்கம் பாடம். பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவது என் வழக்கம். அன்று முதன்முறையாகப் பக்கத்தைத் திருப்பினேன். சாம்பல் மண்ணாகப் பல ஆண்டு மழையும் வெயிலும் வேண்டும் என்று அங்கே இருந்தது! புத்தகத்தைப் பாத்தியோரம் விரித்து வைத்துக்கொண்டு கடப்பாரையால் அந்தத் தளத்தை உடைத்தேன். பாளம் பாளமாகப் பெயர்த்தேன். பிரிக்க முடியாத மிச்சத்தை எருவோடு கொத்திக் கலந்து விதைத்தேன். மாமா தினமும் எட்டிப் பார்த்து, “என்ன, பூகோளம் முளைச்சுதா?” என்பார்.

முளைத்தது. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கையில் அம்மா ஒரு கைப்பிடி பறித்து, ஙாப்பி மீன் விழுது சேர்த்து வதக்கினாள். அப்பா மென்றார்.

“நறநறங்குது.” இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். “ஆனா கீரைதான். நாளைக்கு நேரத்தோட பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு.”

மாமா இரண்டாம் முறை கீரை வாங்கிக்கொண்டார்.

அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். பாத்தி இருந்த இடத்தில் இப்போது நெல் கிடங்கு நிற்கிறது. கீறல் விழுந்த குடமும் போயிற்று. மாமா மட்டும் மாறவில்லை. பெண்ணுக்குக் கல்லூரி எதற்கு என்கிறார். மண்ணையும் பாறையையும் பற்றிய நிலநூல் வகுப்பில் முந்தாநாளே பெயர் கொடுத்துவிட்டேன். நேற்றுப் புத்தகத்தைத் தேடியது அதற்காகத்தான்.