உருட்டு வழி

எங்கள் ஸ்டேஷன் முதலில் ஆட்களுக்காகக் கட்டியதே அல்ல, எண்ணெய்ப் பீப்பாய்களுக்காக. அவற்றை உருட்டிப் போகத் தண்டவாளத்துக்கு அடியில் சரிவாக ஒரு சுரங்கம் வெட்டினார்கள். பிறகு மின்சார ரயிலும் இரண்டு பிளாட்பாரமும் வந்தன. பீப்பாய் போன வழியில் நாங்கள் போனோம். எல்லாரும் அதை 'உருட்டு' என்போம்.

என் அண்ணிக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போனது. வாய் மட்டும் எக்ஸ்பிரஸ். வீடு ஒன்றாம் பிளாட்பாரப் பக்கம். அவள் டிக்கெட் கொடுக்கும் கவுன்ட்டர் இரண்டாவதில். "வேலைய விடச் சொன்னா ஆளையே விட்டுடுவேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள்.

போன வருடம் நடைமேம்பாலம் கட்டி ரிப்பன் வெட்டினார்கள். ஒரு ஈ காக்கை ஏறவில்லை. உருட்டு இருக்கும்போது எந்தப் பைத்தியம் படி ஏறும்? மேலிடத்துக்கு மானம் போயிற்று. உருட்டுக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

ஸ்டேஷன் மாஸ்டர் கெட்டவரல்ல, பயந்தவர். "லிஃப்ட் வரும்மா. அதுவரைக்கும் லீவு போடுங்க, இல்ல மாத்தல் கேளுங்க" என்றார்.

"உருட்டப் பூட்டிட்டு நீங்க உருட்டுறீங்களா சார்?" என்றாள் அண்ணி.

மறுநாள் காலை, ஆபீஸ் கூட்டம் நெரிகிற நேரம். பாலத்தின் முதல் படியில், கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறினாள். அவள் ஊன்றுகோலோடு நான் பக்கத்தில். கீழே கூட்டம் அடைத்துக்கொண்டது.

"கவுன்ட்டர் ஏன் இன்னும் தொறக்கல?" என்று யாரோ கத்தினார்.

"தொறக்குற ஆள்தான் ஏறிட்டிருக்கேன்!"

"நாங்க தூக்கிட்டுப் போறோம்க்கா" என்று இரண்டு பேர் வந்தார்கள்.

"நான் என்ன பீப்பாயா? கிட்ட வந்தா கோல் பேசும்."

மாஸ்டர் சாவியோடு ஓடிவந்தார். "இறங்கி வாங்கம்மா. உங்களுக்கு மட்டும் தொறந்து விடுறேன், வெளியில சொல்லாதீங்க."

அண்ணியின் உள்ளங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. நானாக இருந்தால் இறங்கியிருப்பேன்.

"எனக்கு மட்டும்னா எனக்கு வேண்டாம்" என்று அடுத்த படியில் கை வைத்தாள்.

கீழே நின்ற காய்கறிக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, படியிலேயே சம்மணமிட்டாள். பக்கத்திலிருந்த கோட்டுக்காரரும் உட்கார்ந்தார். அப்புறம் எல்லாருமே. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்தார்.

அந்தப் பூட்டு இப்போது அண்ணியின் கவுன்ட்டரில், காகிதம் பறக்காமல் அழுத்திக்கொண்டு கிடக்கிறது. மேலிடத்திலிருந்து யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான்.

"லிஃப்ட் வரட்டும் சார், தரேன்."