பெண்கள் பக்கத்துக் கதவு

மேட்னி காட்சியின் நடுவில் திரையிலிருந்த படம் திடீரென்று வெளுத்துப்போனது. புரொஜக்டரில் எரியும் கார்பன் குச்சி தீர்ந்துவிட்டதோ என்று விளக்கைப் பார்த்தேன், நன்றாகத்தான் எரிந்தது. ஆப்பரேட்டர் அறையின் சின்ன ஓட்டை வழியே எட்டிப் பார்த்தேன். பெண்கள் பக்கத்துக் கதவும் அதன் கறுப்புச் சீலையும் முழுதாகத் திறந்துகிடக்க, திண்டிவனத்துப் பிற்பகல் வெயில் கொட்டகைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. கதவைப் பிடித்தபடி, டிக்கெட் கிழிக்கும் அக்கா நின்றிருந்தார்.

எண்பதுகளில் எங்கள் கொட்டகைக்கு வந்த படங்கள் பலவற்றில் கதாநாயகன் அரிவாள் தூக்க வேண்டுமென்றால், முதலில் அவன் தங்கையை எவனாவது சீரழித்தாக வேண்டும். அந்தக் காட்சி வந்ததும் ஆண்கள் பக்கத்தில் விசில் பறக்கும். இடையிலிருந்த குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். போதாக்குறைக்கு, வேறெந்தப் படத்திலோ வெட்டிய ஆபாசத் துண்டு ஒன்றை முதலாளி வாங்கி வந்து அந்த இடத்தில் சேர்க்கச் சொன்னார். அதை ஒட்டியது நான்தான். இதை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

அன்று அக்கா கதவைத் திறந்தது அந்தக் காட்சியில்தான். ஷோ முடிந்ததும் முதலாளி அவரைக் கூப்பிட்டுக் கத்தினார். "கடைசியில வில்லன் சாவுறான் இல்ல? அப்புறம் உனக்கு இன்னா பேஜாரு?"

"கடைசி ரீலு வர்றதுக்குள்ள பாதிப் பேரு எழுந்து பூட்றான் மொதலாளி. வந்த வேலை முடிஞ்சிபோச்சி அவனுக்கு. ஷோ உட்டா அவன் கூடத்தான் இந்தப் பொண்ணுங்க அதே ரோட்டுல நடந்துக்கினு போவணும்."

முதலாளியின் பதில் ஒரு பூட்டு. மறுநாள் அந்தக் கதவில் அது தொங்கியது. இன்னொரு முறை காட்சியைக் கெடுத்தால் வேலை போய்விடும் என்றார். அக்கா வீட்டுக்கு அவர் சம்பளம் ஒன்றுதான் வரவு.

அன்றைய மேட்னியிலும் அந்தக் காட்சி வந்தது. அக்கா பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு உரக்கச் சொன்னார்: "எழுந்திரிங்கம்மா, வெளிய போவலாம்." வெளியே போக மிச்சமிருந்தது ஆண்கள் பக்கத்துக் கதவு. அதற்குத் திரைக்கு முன்னால் நடந்துதான் போக வேண்டும். முதலில் ஒரு கிழவி எழுந்தார், பிறகு எல்லாரும். கொண்டைகளும் பின்னல்களும் இடுப்புக் குழந்தை ஒன்றும் நிழலாகத் திரையில் நகர, வில்லனின் முகம் மறைந்தே போனது. விசில்கள் பாதியில் நின்றன. விசிலடித்த எவனுடைய அக்காளோ அம்மாவோ அந்த வரிசையில் இருந்திருப்பாள். முதலாளி பூட்டாமல் இருந்திருந்தால் இந்த ஊர்வலமே நடந்திருக்காது.

சாயங்காலமே அக்காவுக்கு வேலை போயிற்று. மல்லாட்டை மண்டிக்குப் போய்க் கடலை உடைத்துப் பிழைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். "எனக்குக் கை கால் இருக்குது தம்பி. நீ ஒட்டினத நீயே பிச்சிப் போடு," என்றார். மறுநாள் காலை அந்தத் துண்டை வெட்டி எறிந்தேன். முதலாளி கேட்டபோது, ஆமாம், நான்தான் வெட்டினேன் என்றேன். மெஷின் ஓட்ட வேறு ஆள் கிடைக்காததால் நான் தப்பித்தேன். அக்காவுக்குக் கிடைக்காத சலுகை எனக்குக் கிடைத்தது. அதெல்லாம் வெறும் படம்தானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் படத்தை மட்டும் பார்த்தவர்கள். நான் ஓட்டை வழியாக, பார்த்தவர்களையும் பார்த்தவன்.

போன மாதம் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடை டிவியில் செய்தி ஓடியது. நடுத்தெருவில் ஒருவன் ஒரு பெண்ணை வெட்டுகிறான். கேமராவில் பதிவானதை வட்டம் போட்டு, மெதுவாக்கி, பின்னணி இசையும் சேர்த்து நான்காவது முறையாகக் காட்டினார்கள். டம்ளரும் கையுமாக எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். திறந்துவிட அங்கே கதவு எதுவும் இல்லை. கடை முழுக்க வெயில்தான். அந்த வெயிலிலும் படம் பளிச்சென்று தெரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு, பெஞ்சின் மேல் ஏறி டிவிக்கு முன்னால் நின்றேன்.

"யோவ் பெருசு, மறைக்குது! ஜல்தி எறங்கு!"

"மறைக்கத்தாம்பா நிக்கிறேன்," என்றேன்.

நான் ஏற வேண்டிய திண்டிவனம் பஸ் வந்து நின்று, கிளம்பிப் போனது. பெஞ்சிலிருந்து நான் இறங்கவில்லை.