ஹால்வாரின் இருபது அங்குலச் சக்கரங்கள்

ஹால்வார் மீன் ஆலையில் பெட்டி அடுக்குபவர். ஐம்பதைத் தாண்டியும் தனி ஆள். சாப்பாட்டு அறையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். அவரிடம் மீன் வாடை வீசுகிறதாம். அங்கே எல்லோரிடமும் வீசுவது அதே வாடைதான்.

ஆலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் யோருனுக்கு மலைக்கு அப்பால் அக்காள் வீடு. ஈஸ்டருக்கு அங்கே ஹால்வாரின் மின்சாரக் காரில் போக ஒப்புக்கொண்டாள். "ஆனா உங்க வண்டிக்குக் குழந்தைத் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரில்ல இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாள்.

மறுநாளே ஐனாரின் டயர் கடைக்கு வந்துவிட்டார் ஹால்வார். அங்கே சக்கரம் கழுவுவது என் வேலை.

"மாப்பிள்ளை வந்தாச்சு!" என்றார் ஐனார். "இதப் பாரு, கறுப்பு, இருபது அங்குலம். இதப் பாத்தா எவளும் ஏறி உக்காந்துருவா."

ஹால்வார் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். "பனி டயர் மாட்டித் தர்றியா?"

"மின்சார வண்டி என்ன கனம்னு தெரியுமா? இந்த அளவுல அதத் தாங்குற பனி டயர் எங்கிட்ட இல்ல. கோடை டயர்தான் இருக்கு. வெளிய பாரு, புல்லே முளைச்சாச்சு."

"மலையில?"

"ரோட்டுப் பனியச் சுரண்டி வச்சிருப்பாங்கப்பா."

பழைய சக்கரங்களைப் பனி டயரோடு ஐனாரே எடுத்துக்கொண்டார். அன்று மாலையே அவற்றை வேறொருவருக்கு விற்றுவிட்டார்.

"மலைக்குப் போறாராமே?" என்று மெக்கானிக் கேட்டான்.

"போகட்டும். மலையடித் தடுப்புல நிறுத்திப் பாத்துக்குவாங்க."

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று மலையில் பனிப்புயல். அப்போதெல்லாம் தடுப்பில் கார்களை நிறுத்தி, பனி தள்ளும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள். தன் மலைக்குடிலைச் சுத்தம் செய்ய ஐனார் என்னையும் கூட்டிப்போனார். எங்களுக்கு முன்னால் ஹால்வாரின் கார்.

தடுப்புக்காரர் குனிந்து டயரைப் பார்த்தார். "கோடை டயருங்க இது. திரும்பிடுங்க."

"மெதுவாப் போறேனே."

"நீங்க வழுக்கி நின்னா பின்னாடி வர்ற அத்தனை பேரும் புயல்ல மாட்டுவாங்க. திருப்புங்க."

பின்னாலிருந்து ஹாரன் அலறியது. ஐனார் கண்ணாடியை இறக்கினார். "யோருன்! இங்க இடம் இருக்கு, வா!"

அவள் உடனே இறங்கிவிட்டாள். அவள் பெட்டியை ஹால்வாரே பனியில் தூக்கி வந்து எங்கள் காரில் வைத்தார்.

"போய்ச் சேந்ததும் போன் பண்றீங்களா?"

"பாக்கலாம்" என்று கதவைச் சாத்தினாள்.

தடுப்பு உயர்ந்தது. யோருன் தலையிலிருந்த பனியைத் தட்டியபடி, "சக்கரம் மட்டும் நல்லாருந்துச்சு" என்றாள். ஐனார் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். வண்டியைத் திருப்ப முடியாமல் ஹால்வார் திணறிக்கொண்டிருந்தார். கறுப்புச் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. வரிசையிலிருந்து இறங்கிய இரண்டு பேர் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தள்ளிவிட ஒருவரும் போகவில்லை.