பட்டாணியும் கோலிகுண்டும்

"சார், கொஞ்சம் கையைக் குடுங்க. கோச்சுக்கக் கூடாது, என்ன?" என்று கேட்டு வாய் மூடுவதற்குள் ஊசியைப் போட்டு முடித்துவிடுகிறார் ஊசியக்கா. சாருக்கு வயது ஒன்றரை மாதம். பெண் குழந்தை என்றால் மேடம். சார் வீறிட்டு அழுதால், "புகார்ப் புத்தகம் வாசல்ல இருக்கு, எழுதிட்டுப் போங்க" என்பார்.

இருபத்திரண்டு வருடமாகத் தடுப்பூசி அறையே கதி என்று இருக்கும் நர்ஸுக்கு அம்மாக்கள் வைத்த பெயர்தான் ஊசியக்கா. அவருடைய சட்டைப் பையில் ஒரு காய்ந்த பட்டாணியும் ஒரு கோலிகுண்டும் எப்போதும் இருக்கும். காசநோய்த் தடுப்பூசி போட்ட சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு அக்குளில் நெறி கட்டும். குளிப்பாட்டும்போது விரலில் தட்டுப்பட்டதும் அம்மாக்கள் அலறியடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். ஊசியக்கா உள்ளங்கையை நீட்டுவார். "இதுல எது மாதிரி இருக்கு?"

பட்டாணி என்றால் தானும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். "ஊசி வேலை செய்யுது, அவ்வளவுதான். தானா கரையும், சில மாசம்கூட ஆகலாம். அமுக்காதீங்க, நீவாதீங்க, ஒத்தடம் வேண்டாம். கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க." கோலிகுண்டு என்றாலோ, சிவந்திருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ பேச்சே கிடையாது, நேரே டாக்டர் அறைதான்.

போன வாரம் அவருடைய தங்கையே வந்து நின்றாள், ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற மகனோடு. அவன் பிறந்த மறுநாள் ஊசி போட்டது பெரியம்மாதான். இப்போது இடது அக்குளில் நெறி.

"எனக்கு ஒண்ணும் பயமில்லக்கா. நீ போட்ட ஊசிதானே" என்றாள்.

அந்த நம்பிக்கைதான் ஊசியக்காவைப் பயமுறுத்தியது. பட்டாணி அளவுதான், சிவக்கவும் இல்லை. ஆனாலும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். "நீங்க தினமும் சொல்றதைத்தான் நானும் சொல்லணும், சிஸ்டர்" என்று சிரித்தார் டாக்டர்.

அன்றிலிருந்து ஊசியக்கா காலையும் மாலையும் தங்கை வீட்டில்தான்.

"சட்டையைக் கழட்டு, ஒரு தடவை பாத்துடறேன்."

"காலையிலதானே பாத்தே?"

"காலையில வெளிச்சம் பத்தல."

நேற்று மாலையும் அக்காவின் விரல் அக்குள் பக்கம் நகர்ந்தது. தங்கை அதைப் பிடித்து விலக்கினாள். "கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் சொல்றது யாருக்கா?"

ஊசியக்கா தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.